கையால் சொன்ன பரிகாரம்

என் நாத்தனாரை எங்கள் வீட்டில் ரேடியோ என்று கூப்பிடுவோம். அந்தப் பேரை வைத்தவர் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகும் வரை பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்கிற பெண்ணுக்கு வேறென்ன பேர் வைப்பது? "ரேடியோ இன்னைக்கு என்ன செய்தி வாசிச்சுது?" என்று கேட்பார். "குழாய்ல தண்ணி வரலையாம்" என்பேன். அன்றைய ஒலிபரப்பு அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் இந்த ஒரே ஜோக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். இப்போது அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை. சொல்ல வாய் வருவதில்லை.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் இப்படி இல்லை. என் மாமியாருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அண்ணன் தங்கை இரண்டு பேரும் வாயால் பேசுவதற்கு முன்னால் கையால் பேசப் பழகியவர்கள். என் வீட்டுக்காரருக்கு அதில் கூச்சம். பஸ்ஸில் அம்மா கையை ஆட்டிப் பேசினால் இவர் யாரோ எவரோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாராம். தங்கை அப்படியே நேரெதிர். அவள் கை பேச ஆரம்பித்தால் புருவம், கன்னம், தோள்பட்டை எல்லாம் ஒத்து ஊதும். சமையலறையில் மாமியாரும் அவளும் என்னைப் பற்றித்தான் வம்பு பேசுகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் ஒன்றும் புரியாது. "அத்தை என்ன சொல்றாங்க?" என்று கேட்டால், "நீங்க போட்ட காபி பிரமாதமாம் அண்ணி" என்பாள், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. காபி எந்த லட்சணத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயசு. காது கேளாத பிள்ளைகளுக்காக எங்கள் சபை நடத்திய விடுதிப் பள்ளியில் வேலை. விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, டாக்டர் வந்தால் பிள்ளைகள் சொல்வதை டாக்டருக்குச் சொல்வது, பெற்றோர் வந்தால் அவர்களுக்குச் சொல்வது. பெற்ற பிள்ளையோடு பேசத் தெரியாத பெற்றோர்தான் அங்கே பாதிப் பேர். பிள்ளைகளுக்கு இவள்மேல் உயிர். ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பேர் வைப்பது அந்தப் பள்ளிக்கூடத்துப் பழக்கம். இவளுக்கு உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம். அந்த இடத்தை ஒரு விரலால் தொட்டால் இவள். இடுப்பில் சாவிக்கொத்தை ஆட்டுவதுபோல் கையை ஆட்டினால் விடுதிப் பொறுப்பாளராக இருந்த வார்டன் சாமியார். காதோரம் விரலைச் சுழற்றினால், முடி சுருண்டிருக்கும் ஒரு சின்னப் பெண். அந்தப் பெண்ணை நானும் சுருட்டை என்றே சொல்கிறேன்.

இனி கொஞ்சம் எங்கள் சபை விஷயம். பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று உண்டு. செய்த பாவத்தைச் சாமியாரிடம் காதோடு காதாகச் சொல்லி மன்னிப்பு வாங்குவது. சாமியார் பரிகாரமாகச் செபம் ஏதாவது சொல்லச் சொல்வார், அதோடு சரி. கேட்டதை அவர் உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாவசங்கீர்த்தனக் கூண்டு இருட்டாக இருக்கும், நடுவில் ஓட்டை போட்ட ஒரு பலகை. வாயால் பேசுகிறவனுக்கு அது போதும். கையால் பேசுகிற பிள்ளையை அந்த இருட்டில் யார் பார்ப்பது? அதனால் அந்தப் பள்ளிக் கோவிலில், பூசை உடுப்புகள் வைக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் மாதம் ஒருமுறை வெளியிலிருந்து வரும் வயதான சாமியார். ஒன்றில் பிள்ளை. மூன்றாவதில் என் நாத்தனார். பிள்ளை கையால் சொல்வதை இவள் வாயால் சொல்ல வேண்டும். சாமியார் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் என்ன பாவம் சொல்லியிருக்கும்? பென்சில் திருடினேன், பூசையில் தூங்கினேன், பக்கத்துக் கட்டில்காரியின் சீப்பை ஒளித்துவைத்தேன் என்று இருக்கும். இதெல்லாம் என் கற்பனைதான். ஒன்றைக்கூட அவள் எங்களிடம் சொன்னதில்லை. ஒரு நாள் நானே வாயைக் கிளறினேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லேன், பேர் வேணாம்" என்றேன். அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. "அண்ணி, நடுவுல உக்காந்து மொழிபெயர்க்கிற ஆளுக்கும் அதே கட்டுதான். சாமியாருக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும். சொன்னா என்னைச் சபையை விட்டே தள்ளி வைக்கலாம். பைபிள்மேல கை வச்சு சத்தியம் வாங்கிட்டுத்தான் உக்கார வச்சாங்க." நான் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டேன். இப்படி ஒரு விதி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அது நடந்து இரண்டு மூன்று மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். மாமியார் முன்னால் வந்து நின்று கையால் என்னவென்று கேட்டார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காது கேட்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. கையால் பேசுகிற தாயிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்றால் அவர் வாயைப் பொத்துவதற்குச் சமம். மாமியார் அப்படியே நின்றார். பிறகு என்னிடம் வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. காதல் கீதல் என்று ஏதோ இருக்கும், தானே சரியாகிவிடும் என்று நினைத்துத் துணியைத் தேய்த்து முடித்தேன்.

மறுவாரம் வேலையை விட்டுவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "பிடிக்கலை" என்றாள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது, டாக்டரின் கருவிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பது. "அங்கயும் யாரும் பேச மாட்டாங்க, வாய்ல பஞ்சு வச்சிருப்பாங்க. உனக்கு ஏத்த இடம்தான்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அவள் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் மாமியார் இறந்துபோனார். அதோடு அவள் கையும் பேசுவதை நிறுத்தியது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனசு ஆறாது. நான் அப்போது தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் மேஜையில் இருந்தேன். அவள் வேலையை விட்ட அந்த வருஷமே ஒரு நாள் ஆயர் இல்லத்துக்கு, அதாவது பிஷப் வீட்டுக்குப் போகும் அஞ்சலட்டை ஒன்று கையில் வந்தது. கையெழுத்து எனக்குத் தெரியும். மளிகைச் சீட்டு முழுக்க அதே எழுத்துத்தான். "விடுதிப் பொறுப்பாளரை மாற்றுங்கள். காரணம் கேட்காதீர்கள்." அவ்வளவுதான், கீழே பேர் இல்லை. சாயங்காலம் வீட்டில் வைத்துக் கேட்டேன். "என்னம்மா, ஆயருக்கே மொட்டைக் கடுதாசி போடற அளவுக்கு வளந்துட்டே? அவருக்கும் உனக்கும் என்ன சண்டை?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி, அதைக்கூட நான் எழுதியிருக்கக் கூடாது" என்றாள். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஏதாவது விளங்கியிருக்கும். எனக்கு அடுப்பில் பால் பொங்கியது, போய்விட்டேன்.

அந்த அட்டைக்கு இரண்டு வருஷம் கழித்துப் பலன் வந்தது. வார்டன் சாமியாரை மாற்றினார்கள். வேறு ஊரில் இன்னும் பெரிய விடுதிக்கு, இன்னும் அதிகமான பிள்ளைகளுக்கு. பிரிவு உபசாரக் கூட்டத்தின் படம் சபைப் பத்திரிகையில் வந்தது. அவள் அந்தப் பத்திரிகையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றாள். தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை.

அதற்கப்புறம் வருஷங்கள் ஓடின. வந்த வரனெல்லாம் திரும்பிப் போனது. "ஒருத்தர்கிட்ட எல்லாத்தையும் சொல்ல முடியாதுன்னா அவரைக் கட்டிக்கறது எப்படி அண்ணி?" என்று ஒரு தடவை சொன்னாள். நான் அதையும் ஏதோ படிப்பாளிப் பேச்சு என்று விட்டுவிட்டேன். அவளுக்கு இருந்த ஒரே பிடிப்பு காலைப் பூசை. மழையானாலும் சளியானாலும் ஆறு மணிக்குக் கோவிலில் இருப்பாள். நற்கருணையை நாங்கள் நன்மை என்போம். வரிசையில் போய் நாக்கை நீட்டி அந்த வெள்ளை அப்பத்தை வாங்கிக்கொண்டு வந்து முகத்தை மூடிக்கொள்வாள். அந்த இரண்டு நிமிஷம் மட்டும் அவள் தோள் தளர்ந்து இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். யாரிடமும் பேச முடியாத ஒருத்தி, ஏற்கெனவே எல்லாம் தெரிந்த ஒருவரோடு இருக்கும் நேரம் அது. பிறகு எழுந்து பல் ஆஸ்பத்திரிக்குப் போவாள்.

போன வருஷம் அந்தப் பெரிய விடுதியில் படித்த யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். அரசாங்கம் விசாரணை வைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் தலைவர். வார்டன் சாமியார் முன்பு இருந்த இடங்களில் படித்தவர்களும் வந்து சொல்லலாம் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அது வந்த மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள் சுருட்டை.

நான்தான் கதவைத் திறந்தேன். முப்பத்து மூன்று வயசுப் பெண். செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிற வேலை, விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டுக்குக் கீழே ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டேன். என் நாத்தனார் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இரண்டு பேரும் கட்டிக்கொள்ளவில்லை. சுருட்டை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். மாமியார் போனபிறகு இந்த வீட்டில் கை பேசுவதை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். எல்லாம் மறந்துபோச்சு என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், கண்ணை எடுக்காமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க?" என்றேன். அவர் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"விடுதியில நடந்தது... அந்தச் சாமியார்... இவளுக்கு அப்போ பதினோரு வயசு." மறுபடியும் அந்தக் கையைப் பார்த்தார். "அதைப் பாவம்னு நெனச்சு பாவசங்கீர்த்தனத்துல சொன்னாளாம். நம்ம பாப்பாதான் நடுவுல உக்காந்திருந்தாளாம்."

எனக்கு அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. தேய்த்துக்கொண்டிருந்த சட்டையின் நிறம்கூட ஞாபகம் வந்தது.

என் வீட்டுக்காரர் தங்கை பக்கம் திரும்பினார். "உனக்கு அப்பவே தெரியுமா பாப்பா?"

அவள் தலையை ஆட்டவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. தலையை ஆட்டுவதும் சொல்வதுதானே! பாதிக்கப்பட்டவளே எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். அப்போதும் இவளால் ஒரு தலையாட்டலைக் கொடுக்க முடியவில்லை. கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. சுருட்டை அதைப் பார்த்துக்கொண்டே கையால் ஏதோ சொன்னாள்.

"அக்காவைத் திட்ட வரலையாம்" என்றார் என் வீட்டுக்காரர். "விசாரணையில பேச அக்கா வேணுமாம். அரசாங்கம் அனுப்புற ஆளுக்கு இவங்க பள்ளிக்கூடத்துக் கை புரியலையாம். இடுப்புல சாவியை ஆட்டினா, பூட்டைத் திறக்கச் சொல்றான்னு நெனச்சுட்டாராம்."

என் நாத்தனார் சரி என்று கை காட்டினாள்.

ஆனால் முறைப்படி கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்தாள். எங்கள் கோவிலின் பங்குச் சாமியாரைப் பார்க்க நானும் கூடப் போனேன். சின்ன வயசு, நல்ல பிள்ளை, கோபமே வராது. நடந்ததை அவள் சொல்லவில்லை, "ஒரு மொழிபெயர்ப்பாளர்" என்று யாரையோ சொல்வதுபோல் சுற்றி வளைத்துக் கேட்டாள். அவருக்கும் புரிந்தது.

"அந்தப் பொண்ணு எங்க வேணா சொல்லலாம்மா. அவங்களை ஒரு விதியும் தடுக்காது. அவங்க சொல்றதை விசாரணையில நீங்க மொழிபெயர்க்கலாம், அது வெளியில நடக்கறது. ஆனா அந்த அறையில கேட்டதை உங்க வாயால நீங்க சொல்லக் கூடாது."

"அந்தப் பொண்ணே சொல்லுங்கன்னு கேட்டா?" என்றேன் நான்.

"அதுல கருத்து வேற்றுமை இருக்கு. மேல கேட்டுச் சொல்றேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "சாமி, ஒரு சந்தேகம். கேட்ட சாமியாருக்கு விதி இருக்கு, நடுவுல உக்காந்தவளுக்கு விதி இருக்கு. செஞ்சவருக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா?"

அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். "இருக்குங்க. அது கொஞ்சம் மெதுவா நடக்கும்."

"இருபத்திரண்டு வருஷம்! ஆமை நடந்தாகூட இந்நேரம் வந்து சேந்திருக்கும்" என்றேன். என் நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டு வாசலில் வந்து, "அவர் மேல கோபப்படாதீங்க அண்ணி, அவர் விதியைச் சொன்னார்" என்றாள். எனக்கு இவள்மேலும் சேர்த்துக் கோபம் வந்தது.

விசாரணை ஒரு பழைய அலுவலகத்தின் மாடியில். நீளமான மேஜை, ஓடும்போது தலையை ஆட்டுகிற மின்விசிறி, தண்ணீர் வைக்காத தண்ணீர்ச் சாடி. வீட்டாரில் ஒருவர் கூட இருக்கலாம் என்றார்கள், நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். வார்டன் சாமியார் வக்கீலோடு வந்திருந்தார். எழுபது தாண்டிவிட்டது. கைத்தடி, காது மெஷின், பஞ்சு மாதிரித் தலை. பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கத் தோன்றும். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

சுருட்டை எதிரில் உட்கார்ந்து கையால் சொன்னாள். என் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொன்னாள். மொழிபெயர்க்கிறவர்கள் "அவள் சொல்கிறாள்" என்று சொல்ல மாட்டார்கள், அந்த ஆளாகவே பேசுவார்கள். "எனக்குப் பதினோரு வயசு. என்னை அறைக்குக் கூப்பிட்டார்." வீட்டில் பத்து வார்த்தை பேசாதவள் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். குரல் நடுங்கவில்லை. எங்கே ஒளித்துவைத்திருந்தாள் இந்தக் குரலை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை இடுப்பில் சாவி ஆடும்போதும் அவள் வார்டன் சாமியாரின் முழுப் பேரைச் சொன்னாள்.

வக்கீல் எழுந்தார். "இவ்வளவு நாள் கழிச்சுச் சொல்றீங்க. அப்பவே ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

இவள் அதைக் கையால் கேட்டாள். சுருட்டை பதில் சொன்னாள். சின்னப் பதில்தான். இவள் வாய் திறக்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் நீதிபதி அம்மா.

பாதியை விழுங்கியிருக்கலாம். 'சாமியாரிடம் சொன்னேன்' என்று மட்டும் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த அறையில் அந்தக் கை தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஓரமாக இருந்தார், அவர் அப்போது குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்பவே சொன்னேன்" என்றாள் என் நாத்தனார், ஒரு சொல் விடாமல். "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொன்னேன். இந்த அக்காதான் அவருக்கு எடுத்துச் சொன்னாங்க. இவங்களுக்கு எல்லாம் தெரியும்."

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். பாவசங்கீர்த்தனம் கேட்ட அந்தச் சாமியார் இறந்து நாலு வருஷம் ஆகிறது, இருந்தாலும் பேசக் கூடாது, இந்த அம்மாளும் பேசக் கூடாது, ஆக சாட்சி இல்லாத பேச்சு, குறிப்பில் ஏற்றக் கூடாது என்று அடுக்கினார். அவர் உட்காரும்வரை காத்திருந்து நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மத நம்பிக்கையில நான் தலையிட மாட்டேன்ம்மா. சாட்சி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா ஒருத்தரே மொழிபெயர்ப்பாளராவும் சாட்சியாவும் இருக்க முடியாது. சொல்றதா இருந்தா நீங்க எழுந்து அங்க உக்காரணும்."

சாட்சி நாற்காலிக்கும் இவளுக்கும் நடுவில் நாலு அடி. இவள் அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைத் தேடினாள். நான் என்ன ஜாடை காட்டினேன் என்று இப்போது எத்தனை யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. ஒன்றும் காட்டவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவள் எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, பல் ஆஸ்பத்திரியில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டால் எழுந்து போகிறவர்கள்போல் போய் உட்கார்ந்தாள். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் அவசரமாக அவள் இடத்துக்கு வந்தார்.

அவள் சொன்னது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. "இந்தப் பொண்ணு அன்னைக்கு இதே விஷயத்தைச் சொன்னா. வார்டன் சாமியார் கூப்பிடுறார், எனக்குப் பிடிக்கலை, ஆனாலும் போனேன், அது என் பாவம்னு சொன்னா. நான் அதைச் சாமியாருக்குச் சொன்னேன். அவர் அவளுக்குப் பரிகாரமா மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். அதை அவளுக்கு நான்தான் கையால சொன்னேன். இதை வெளியில வந்து உங்க டீச்சர்கிட்ட இன்னொரு தடவை சொல்லும்மான்னு ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லலை. சொல்லுங்க சாமின்னு நானும் கேக்கலை. அந்தப் பிள்ளை கோவில்ல முழங்கால் போட்டு விரலை மடக்கி மடக்கி மூணு மந்திரம் எண்ணினதை நான் கதவு ஓரமா நின்னு பாத்தேன்."

வார்டன் சாமியார் காது மெஷினைத் திருகிக்கொண்டிருந்தார். கேட்கிறதா, அணைத்துவிட்டாரா தெரியவில்லை.

கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சுருட்டையைக் கேட்டார்கள். அவள் நீதிபதியைப் பார்க்கவில்லை. வார்டன் சாமியாரையும் பார்க்கவில்லை. நேராக என் நாத்தனாரைப் பார்த்துக் கையால் கேட்டாள். அரசாங்க மொழிபெயர்ப்பாளர், ஒரு நடுத்தர வயசு ஆள், இவ்வளவு நேரம் பார்த்ததில் அந்தக் கை ஓரளவு பிடிபட்டு, அதைச் சத்தமாகச் சொன்னார். "அன்னைக்குப் பரிகாரம் செய்யச் சொன்னீங்களே அக்கா, நான் செஞ்ச தப்பு என்ன? இத்தனை வருஷமா யோசிக்கறேன், தெரியலை."

இவள் கையைத் தூக்கினாள். ஒருமுறை சரியாக வரவில்லை, மறுபடியும் சொன்னாள். அந்த ஆள் அதையும் சத்தமாகச் சொன்னார். "உன்மேல ஒரு தப்பும் இல்லை. அன்னைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்."

சுருட்டை தலையை ஆட்டினாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்ததை வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனாள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இவள்தான் இரண்டு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை கதவுச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தாள்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. சாட்சியம் நம்பத் தகுந்தது என்று நீதிபதி அம்மா எழுதிவிட்டார்களாம். அறிக்கை மேலே எங்கேயோ பரிசீலனையில் இருக்கிறது. வார்டன் சாமியாரை வயதான சாமியார்கள் தங்கும் இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மக்களுக்குப் பூசை வைக்கக் கூடாது, தன் அறையில் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆயர் உத்தரவு. ஆக அவர் தினமும் காலையில் தன் கையாலேயே நன்மை எடுத்துக்கொள்கிறார்.

இவளுக்கு ஒரு தண்டனையும் வரவில்லை. கடிதம்கூட வரவில்லை. இவள்தான் போய்ப் பங்குச் சாமியாரைக் கேட்டாள், நான் நன்மை வாங்கலாமா என்று. "உங்க நிலைமையை மேல எழுதிக் கேட்டிருக்கேன்மா. பதில் வர்ற வரைக்கும் உங்க மனசாட்சிப்படி நடந்துக்குங்க" என்றார் அவர். இவள் மனசாட்சி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பதில் வரும் வரை வாங்கக் கூடாது என்று தானே முடிவு செய்துவிட்டாள். "கடவுளுக்குத் தெரியாதா?" என்று நான் சத்தம் போட்டேன். "தெரியும் அண்ணி. ஆனா சத்தியம் பண்ணினது நான்தானே" என்கிறாள். இன்றும் ஆறு மணிப் பூசைக்குப் போகிறாள். எல்லாரும் வரிசையில் எழுந்து போகும்போது இவள் மட்டும் பெஞ்சில் இருக்கிறாள். ஊருக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. சிலர் இவள் இருக்கும் வரிசையில் உட்காருவதில்லை.

போன ஞாயிறு நான் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் போனேன். இன்றைக்கு நானும் எழுந்திருக்கக் கூடாது, இவளோடு உட்கார்ந்துவிட வேண்டும். அவளிடம் சொல்லவில்லை, மனசுக்குள்தான். வரிசை எங்கள் பெஞ்சுக்கு வந்தது. முன் பெஞ்சு காலியானது. பின்னால் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிஷம் இருந்தேன். அப்புறம் எழுந்துவிட்டேன். போய் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். நான் உள்ளே போக அவள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள்.